கதவோரத்துப் பட்டன்

— உள்ள போகாதீங்கக்கா! கொஞ்ச நேரம் வாசல்லயே நில்லுங்க. ஒண்ணுமில்ல, சும்மா புகை.

— சும்மா புகையா? தெருமுனையிலயே நாத்தம் குடலைப் புடுங்குது. என்னத்தண்ணே எரிச்சீங்க?

— எரிக்கல. பாட்டில் மூடியை உருக்கினேன். அது கொஞ்சம்... உற்சாகமா உருகிடுச்சு.

— நாளைக்குக் காலையில நம்ம சங்கப் பட்டறையில பிளாஸ்டிக் வார்க்கற இந்த மோல்டிங் மூலையைத் திறக்கறோம். மெம்பருங்க எல்லாம் குடும்பத்தோட வந்து பார்க்கப்போறாங்க. இன்னிக்கு நீங்க பட்டறையையே கொளுத்தப் பார்த்தீங்களா?

— ஒத்திகை பார்த்தேன்.

— ஹீட்டரை அணைச்சீங்களா, இல்லியா?

— அணைச்சேன். ஃபேன் மட்டும் ஓடுது. மணல் வாளியையும் பாய்ஞ்சு எடுத்தேன். எடுத்த வேகத்துல என் கால்மேலயே கொட்டிக்கிட்டேன். இனிமே என் செருப்பு தீப்பிடிக்கவே பிடிக்காது.

— சிரிக்க வைக்காதீங்க. நான் கோவமா இருக்கேன்.

— ரெண்டு வாரமாவே கோவமாத்தானக்கா இருக்கீங்க. இந்தப் பக்கமே வரல.

— யார் சொன்னா? எனக்கு வேலை இருந்துச்சு. அப்புறம், இந்த அக்கா நொக்கா எல்லாம் வேணாம். நீங்கதான் என்னைவிட மூத்தவரு.

— நானா? என் முடி உழைச்சு நரைச்சது. உங்களுது வயசாகி நரைச்சது. ரெண்டும் வேற.

— என் முடி நரைக்கவே இல்லண்ணே.

— அதான் சொல்றேன், அவ்வளவு கவனமா சாயம் போடறதுக்கே ஒரு வயசு வரணும்...

— அண்ணே!

— சரிங்கக்கா.

— வழியை விடுங்க. புகை குறைஞ்சிடுச்சு, நான் உள்ள போறேன். ...இது என்னது? என் பட்டன் மேல துடைப்பம்?

— எங்க?

— எங்கயா? இதோ, கதவோரத்துல. பட்டனை அமுக்கிக்கிட்டு ஒரு துடைப்பக் கட்டை. கட்டை நழுவாம இருக்க நாற்காலி. நாற்காலி நகராம இருக்க... அதுமேல என்ன மூட்டை?

— பிளாஸ்டர் மாவு. பல்லுக்கு அளவு எடுக்கறது. வீட்லேருந்து தூக்கிட்டு வந்தேன். பல்செட் கட்டற கை இது அக்கா, முட்டுக் கொடுக்கச் சொல்லியா தரணும்?

— அண்ணே... நான் அந்தப் பட்டனை எதுக்கு வச்சேன்? மெஷின் சூடா இருக்கற வரைக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இன்னொரு ஆள் இங்க உக்காந்து அமுக்கணும். மெஷின்மேல சிவப்பு விளக்கு மின்னியும் அமுக்கலைன்னா ஹீட்டர் தானா அணையணும். மெஷின்கிட்ட நிக்கறவருக்கு ஏதாவது ஆச்சுன்னா...

— தெரியும்கா. 'தனியாக இயக்கக் கூடாது'ன்னு அட்டையில எழுதி மாட்டினதே நான்தான். கையெழுத்தைப் பாருங்க, முத்து முத்தா.

— அந்த முத்துக்குக் கீழயே துடைப்பத்தை நிறுத்தியிருக்கீங்க.

— துடைப்பமும் ஒரு ஆள்தானேக்கா. குறுக்க பேசாத ஆள்.

— சரி. துடைப்பம் காவல் காத்தப்போ நீங்க எங்க போனீங்க? மெஷின்கிட்ட நின்னிருந்தா லேசா கருகின வாசம் வர்றப்பவே அணைச்சிருப்பீங்களே?

— டீ குடிக்கப் போனேன்.

— டீயா?

— ஒரே ஒரு டீ. சக்கரை கம்மியா.

— ம். ஸ்க்ரூடிரைவர் கொடுங்க.

— எதுக்கு?

— நான் எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? உங்க முகத்தைப் பார்க்கவா? செயலாளர் போன் பண்ணினார். திறக்கறதுக்கு முன்னாடி இந்தப் பட்டனைக் கழட்டி, மெஷின் பக்கத்துலயே வச்சிடணுமாம். ஓட்டறவரே ஒரு கையால அமுக்கிக்கலாமாம். உக்கார வைக்க ஆளில்லைன்னார்.

— அவருக்கு என்ன தெரியும், அவர் சொல்றாராக்கும்.

— அவர் சொந்தமாவா சொன்னார்? போன மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னது யாரு? 'பட்டன் அமுக்க ஒரு ஆளு, அந்த ஆளு தூங்கிடாம பார்த்துக்க இன்னொரு ஆளு, நாற்காலிக் காலுக்கு நாலு பிளாஸ்டிக் குல்லா செய்யறதுக்கு ஒரு பஸ் நிறைய ஆளு வேணும் போல'ன்னு?

— ...அது ஜோக்குக்கா.

— எல்லாரும் சிரிச்சாங்க.

— நல்ல ஜோக்குதான்.

— பட்டன்கிட்ட உக்கார்ற ஆளு நான் ஒருத்திதான்னு எல்லாருக்கும் தெரியும்ண்ணே. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போய்ட்டேன்.

— நீங்க ஒரு நாளும் தூங்கினதில்ல. எனக்குத் தெரியாதா? நாலு பேர் சேர்ந்து சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பயம் வந்துடும்கா. பேச்சு நடுவுல ஓட்டை தெரிஞ்சா கை தானா பல்லு வைக்கப் போயிடுது. அது யாரைக் கடிக்கும்னு அப்புறம்தான் யோசிப்பேன்.

— ஸ்க்ரூடிரைவர்.

— காணோம்கா.

— சுவத்துல ஒவ்வொரு சாமானுக்கும் நிழல் மாதிரி படம் வரைஞ்சு வச்சிருக்கு. ஸ்க்ரூடிரைவர் படம் மட்டும் காலியா இருக்கு.

— யாராவது எடுத்திருப்பாங்க.

— உங்க சட்டைப் பையில நீட்டிக்கிட்டிருக்கறது என்ன?

— இதுவா... பல்லு குத்தறது.

— இவ்வளவு பெருசா?

— வாய் பெருசு இல்லியாக்கா.

— கொடுங்கண்ணே.

— கொடுக்கறேன். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பட்டனை ஆரம்பத்துலயே ஏன் இங்க கொண்டுவந்து வச்சீங்க? மெஷின் அந்தக் கோடியில. பட்டன் இந்தக் கோடியில. நடுவுல தச்சு மேஜை, தையல் மெஷின், பாதி சைக்கிள்...

— வயர் பத்தல.

— வயர் பத்தலைன்னா கிட்டக்க வைப்பாங்க. இப்படித் தூரத்துலயா வைப்பாங்க?

— ...மெஷின்கிட்ட சூடு. பட்டன் உருகிடும்.

— இரும்புப் பட்டன்கா அது.

— லிஃப்ட்ல இப்படித்தான் வைப்போம். இத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவ நான். உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

— லிஃப்ட் போகும்போதெல்லாம் கீழ ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்து பட்டன் அமுக்கறாரா? நானும் லிஃப்ட்ல போயிருக்கேன்கா.

— பேச்சை வளர்க்காதீங்க. கொடுங்க இப்படி.

— ஒரு நிமிஷம்! இப்ப கழட்ட முடியாது. மெஷின் குழாய்க்குள்ள பிளாஸ்டிக் கருகிக் கிடக்கு. ஆறிடுச்சுன்னா கல்லாயிடும். இப்பவே மறுபடி சூடாக்கி, நல்ல தூளைப் போட்டுத் தள்ளித் தள்ளித்தான் வெளிய எடுக்கணும். இல்லைன்னா நாளைக்கு மெம்பருங்க முன்னாடி மெஷின் கரியைத் துப்பும்.

— சரி, அதுக்கு?

— சூடாக்கணும்னா பட்டனை அமுக்க ஆள் வேணும்.

— துடைப்பத்தைக் கூப்பிடுங்க.

— அதை வேலையை விட்டுத் தூக்கிட்டேன். ஒழுங்கா பார்த்துக்கல.

— ...மூட்டையை எடுங்க. நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்க. குழாய் சுத்தமாகற வரைக்கும்தான். அப்புறம் கழட்டிடுவேன்.

— சரிங்கக்கா. நான் மெஷின்கிட்ட போறேன். ஃபேன் சத்தம், கொஞ்சம் சத்தமாப் பேசுங்க.

— பேச என்ன இருக்கு? வேலையைப் பாருங்க.

— ஆங்?

— வேலையைப் பாருங்கன்னேன்!

— பார்க்கறேன்! ஹீட்டர் போட்டாச்சு! ...கரி வருதுக்கா. அசல் சொத்தைப் பல்லு மாதிரி வருது.

— நல்லா அழுத்தித் தள்ளுங்க! வீட்ல அண்ணி வந்துட்டாங்களா?

— எங்க வர்றது! பேரனைப் பார்த்துக்கப் போனவதான். அவன் இப்ப ஸ்கூலுக்கே போக ஆரம்பிச்சிட்டான். ஸ்கூலையும் சேர்த்துப் பார்த்துக்கறா போல.

— நீங்களும் போய் இருக்க வேண்டியதுதானே?

— போனேனே. என் குறட்டைக்குத் தனி ரூம் வேணுமாம், அங்க ரூம் இல்ல. நான் பேசினா பேரன் சிரிக்கிறான், மத்தவங்க பல்லைக் கடிக்கறாங்க. தொழிலுக்கு நல்லதுதான், ஆனா எத்தனை நாள் இருக்கறது?

— அப்ப வீட்ல யார்கூடப் பேசுவீங்க?

— அதுக்கா குறைச்சல்? அலமாரி பூரா பிளாஸ்டர் வாய்ங்க. எல்லாரோட அளவும் இருக்கு. எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் இருக்கு, ஒண்ணும் பதில் சொல்லாது. பட்டன்கா! சிவப்பு விளக்கு மின்னுது!

— அமுக்கிட்டேன், அமுக்கிட்டேன். எனக்குத் தெரியும்.

— உங்களுக்கு எப்படிப் போகுது? அம்மா போனப்புறம்...

— எனக்கென்ன. நல்லாப் போகுது.

— ஆங்?

— நல்லாப் போகுதுன்னேன்! ஹால் விளக்குக்கு டைமர் வச்சிருக்கேன். சாயங்காலம் ஆனா தானா எரியும். தெருவுல வர்றப்போ பார்த்தா யாரோ நமக்காக விளக்கு போட்டு வச்சிருக்கற மாதிரி இருக்கும்.

— நல்ல ஐடியாக்கா!

— ஆமா. மொதல் வாரம் நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் அது தானா அணையறதையும் பார்த்தேன். நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாலும் அது பாட்டுக்கு அணைஞ்சிடும்.

— நேரத்தை மாத்தி வைக்க வேண்டியதுதானே?

— மாத்தலாம்... அட, அது கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லணும்.

— நான் எப்ப கோணலா சொன்னேன்?

— இந்தப் பட்டறையில இருக்கற எல்லா நாற்காலிக் காலுக்கும் குல்லா செஞ்சு மாட்டியிருக்கீங்க. தரையில இழுத்தா சத்தமே இல்ல. செயலாளர் நாற்காலி பூனை மாதிரி போகுது. நான் உக்கார்ற இந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் ஏன் இல்ல? நகர்ந்தா கர்ருங்குது, பல்லு கூசுது.

— அதுக்கு அளவு சரியா வரலக்கா.

— எல்லாம் ஒரே கடையில வாங்கின நாற்காலி.

— உங்களுது கொஞ்சம்... கால் தடி.

— நாற்காலிக்கா, எனக்கா?

— நாற்காலிக்குத்தான், சத்தியமா!

— பொய். உள்பக்கம் பசை ஒட்டியிருக்கு. மாட்டி, அப்புறம் கழட்டியிருக்கீங்க. என்மேல அவ்வளவு வெறுப்பாண்ணே? ஒரு குல்லா கூடத் தரக்கூடாதுன்னு?

— ஐயய்யோ. என்னக்கா இப்படிப் பேசறீங்க?

— மீட்டிங்ல கேலி. நாற்காலிக்குக் குல்லா இல்ல. எனக்குப் பதிலா துடைப்பம். நான் வேற எப்படி எடுத்துக்கறது?

— ...வெள்ளையா வர ஆரம்பிச்சிடுச்சுக்கா. குழாய் சுத்தமாயிட்டு வருது. இன்னும் கொஞ்ச நேரம்.

— பேச்சை மாத்தாதீங்க. இன்னொண்ணு. டீக்கடை இன்னிக்குப் பூட்டியிருக்கு. நான் அந்த வழியாத்தான் வந்தேன். என்ன, சக்கரை கம்மியா இருந்துச்சா?

— நீங்க லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்கக் கூடாதுக்கா. போலீஸ்ல சேர்ந்திருக்கணும்.

— எங்க போனீங்க?

— வாசலுக்கு.

— எதுக்கு?

— சும்மா. காத்து வாங்க.

— அண்ணே.

— ...வாசல்லேருந்து பார்த்தா தெருமுனை தெரியும். செயலாளர் உங்களுக்கு போன் பண்ணினதை எங்கிட்டயும் சொன்னார். எப்படியும் இன்னிக்கு வந்துடுவீங்கன்னு தெரியும். வந்ததும் பட்டனைக் கழட்டிட்டுக் கிளம்பிடுவீங்கன்னும் தெரியும். மெஷின் சூடா இருந்தா உடனே கழட்ட முடியாதில்ல? அது ஆறற வரைக்குமாவது உக்காருவீங்கன்னு... துடைப்பத்தை முட்டுக் கொடுத்து சூடு பண்ணி வச்சேன். போய்ப் போய் தெருவைப் பார்த்தேன். நீங்க வர லேட்டாச்சு. பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். ...அமுக்குங்கக்கா. விளக்கு மின்னுது.

— அமுக்கிட்டேன்.

— குல்லாவுக்கும் சொல்லிடறேன். மொதல் குல்லா உங்க நாற்காலிக்குத்தான் போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த மெஷின்கிட்ட நின்னா என் முதுகு உங்க பக்கம். ஃபேன் வேற. நீங்க இருக்கீங்களா, எழுந்து போயிட்டீங்களான்னே தெரியல. திரும்பித் திரும்பிப் பார்த்ததுல கையைச் சுட்டுக்கிட்டேன். அன்னிக்கே கழட்டிட்டேன். அந்தக் கர்ரு சத்தம் கேட்டா, சரி, அக்கா இருக்காங்க... அவ்வளவுதான்.

— அப்ப இத்தனை மூட்டை குல்லா? பட்டறையில இருக்கற நாற்காலிக்கெல்லாம் போட்டு, பக்கத்துக் கட்டடத்துக்கும் கொடுத்து, இன்னும் அலமாரியில இருக்கே. யார் கேட்டா?

— யாரும் கேக்கல. மெஷினை ஓட்டணுமே. ஓட்டினாத்தானே ஆள் வேணும்னு உங்களைக் கூப்பிடலாம். ...அக்கா? இருக்கீங்களா?

— இருக்கேன்.

— சத்தமே காணோம்.

— இப்ப கேட்டுச்சா? கர்ரு.

— கேட்டுச்சு.

— நாளைக்கு என்ன பண்றது? கழட்டலைன்னா செயலாளருக்கு என்ன சொல்றது?

— நடந்ததைச் சொல்லிடறேன். தனியா ஓட்டினா என்ன ஆகும்னு காட்ட நானே சாட்சி. புகையும் இன்னும் போகல, மோந்து பார்க்கட்டும். பட்டன் அங்கயே இருக்கட்டும்பார்.

— மூலையோட பொறுப்பை உங்ககிட்டேருந்து பிடுங்கிடுவார். யோசிச்சுச் சொல்லுங்க. மேஜை போட்டு, மெஷினை முடுக்கி, புகைக்குழாய் வச்சு, தரையில மஞ்சள் கோடு போட்டு, எல்லாம் நீங்க செஞ்சது.

— பிடுங்கட்டும். வேற யாராவது ஓட்டட்டும். நான் துடைப்பத்தோட வேலைக்கு மனு போடறேன். கதவோரத்துல இன்னொரு நாற்காலி போட இடமிருக்கு.

— கேலி பண்ணாதீங்கண்ணே.

— கேலி இல்லக்கா. வாய்தான் அப்படி, பழக்க தோஷம். நான் நேரா சொல்லிட்டேன், இல்லியா? இப்ப நீங்க. வயர், சூடு, லிஃப்ட் எதுவும் வேணாம். அந்தப் பட்டனை ஏன் அங்க வச்சீங்க?

— ஃபேன் சத்தத்துல கேக்கல.

— பட்டனை... ஏன்... அங்க... வச்சீங்க!

— கத்தாதீங்க. கிட்ட வந்து சொல்றேன்.

— நாற்காலி சத்தம் கேக்குது... எழுந்துட்டீங்களா? வராதீங்கக்கா, விளக்கு மின்னுது! முதல்ல அமுக்கிட்டு வாங்க!

— விடுங்க.

— ஐயோ, நேரம் முடியப்போகுது... போச்சு. அணைஞ்சிடுச்சு. பாருங்க, மெஷின் நின்னுடுச்சு.

— ஆமா. நின்னுடுச்சு. ...அதுக்குத்தாண்ணே அங்க வச்சேன். நான் வீட்டுக்குப் போனாலும் அந்த ஹால் விளக்கு எரியும், போகலைன்னாலும் எரியும். நான் எழுந்து போனா ஏதாவது ஒண்ணு நிக்கற இடம், எனக்கு இது மட்டும்தான்.